ஏலகிரியில் பிறர் பொருள்களோடு

எங்கள் குடியிருப்பிலிருந்து கோடை விடுமுறைதோறும் ஒரு பேருந்து மலைக்குப் புறப்படும். போகிறவர்கள் அங்கே மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடப்பார்கள். கம்பியில் தொங்கிச் சறுக்குவார்கள். வில்லெடுத்து அம்பு தொடுப்பார்கள். ஏரியில் படகு விடுவார்கள். ஒருவர் மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் நிழலான இடம் பார்த்து அமர்ந்து, மற்றவர்கள் கழற்றித் தருகிற கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, கைபேசி, காதணி, செருப்பு அனைத்துக்கும் காவலிருப்பார். அந்த ஒருவரை யாரும் நியமிப்பதில்லை. முதல் ஆள் சற்றுத் தயங்கி, "இதைக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?" என்று நீட்டுவார். அத்தோடு பதவி உறுதியாகிவிடும்.

இத்தனை ஆண்டுகளாக அந்தப் பதவியில் இருந்தவள் என் மனைவி. முழங்கால் வலியினால்தான் அவள் உட்கார்ந்துவிடுகிறாள் என்று எல்லோரும் எண்ணினார்கள். வலி மெய்தான், ஆனால் அந்த வேலை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதற்கென்றே ஒரு பெரிய துணிப்பையும் வெவ்வேறு நிறத்தில் கைக்குட்டைகளும் எடுத்துவருவாள். ஒரு வீட்டாரின் பொருள்கள் ஒரு கைக்குட்டையில் முடியப்படும். எந்த நிறம் எந்த வீடு என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். பைக்குள் எவருடைய கைபேசியாவது ஒலித்தால் தயங்காமல் எடுத்துப் பேசுவாள். "அவரு இப்போ கயித்துல தொங்கிக்கிட்டு இருக்காரு. எறங்கினதும் பேசச் சொல்றேன். நீங்க யாரு, அவரோட அக்காவா? உங்க சர்க்கரை இப்போ பரவாயில்லையா?" என்பாள். மலையிலிருந்து இறங்கும்போது பாதிக் குடியிருப்பின் உறவினர்கள் அவளுக்கு அறிமுகமாகியிருப்பார்கள்.

சென்ற கோடையில் அவள் வரவில்லை. எங்கள் ஒரே மகள் அமெரிக்காவில், டல்லாஸ் நகரில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காகப் பனிக்காலத் தொடக்கத்தில் என் மனைவி விமானம் ஏறினாள். ஆனி மாதத்தில் திரும்புவதாகப் பயணச்சீட்டு. நான் திருநின்றவூரில், ஏரியை நோக்கிய எங்கள் அடுக்ககத்தில் தனியாக இருந்தேன்.

தனியாக இருப்பதில் துன்பம் என்று எதைச் சுட்டிச் சொல்வதென்று எனக்கு விளங்கியதில்லை. சோறு வடிக்கத் தெரியும். குழம்பை எதிர்வீட்டுப் பெண் கொடுத்தனுப்புவாள். அவள் ஈரோட்டுப் பக்கத்துக்காரி, கணவனும் மனைவியும் கணினி நிறுவனங்களில் பணிபுரிகிறார்கள், ஒரு மகன். வாசலில் கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம், "சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க அங்கிள், காரமாயிருந்தா நாளைக்குக் குறைச்சுக்கலாமுங்க" என்பாள். ஆவடிப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்குப் பொழுதைப் போக்கப் புத்தகங்கள் உண்டு. ஆனால் மாலை இருட்டும் நேரத்தில் மின்சார ரயில் எங்கள் ஊர் நிலையத்தில் நின்று, கூட்டத்தை இறக்கிவிட்டுப் போகும். சற்று நேரத்துக்கெல்லாம் படிக்கட்டில் காலடிகள் கேட்கும்; ஒவ்வொரு தளத்திலும் அழைப்புமணி ஒலிக்கும்; கதவுகள் திறந்து மூடும். எங்கள் கதவுக்கு அந்த நேரத்தில் எந்த வேலையும் இராது. அந்தச் சிறிது நேரத்தை மட்டும் கடக்க எனக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைப்பேன்.

நாள்தோறும் இரவு உணவுக்கு முன் மனைவி அழைப்பாள். அங்கே அப்போது காலை. குழந்தை பால் குடித்ததையும் தூங்காததையும் சொல்லிவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்பாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்பேன்.

துடைத்த மேசையைத் துடைப்பதைப் பற்றிக் கடல் கடந்த தொலைபேசியில் ஒருவன் என்ன சொல்ல முடியும்?

சுற்றுலாவுக்கு முந்தைய நாள் அவள் வழக்கத்தைவிட நேரம் கழித்து அழைத்தாள். மகளுக்கு அலுவலகம் தொடங்கிவிட்டது; குழந்தைக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. தங்கும் அனுமதியை நீட்டிக்க வழியிருக்கிறதாம். பயணச்சீட்டை மாற்றுவதானால் திங்கட்கிழமைக்குள் மாற்ற வேண்டும். தீபாவளி கழிந்து திரும்பலாம் என்பது மகளின் எண்ணம்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

"உன் விருப்பம்."

"என் விருப்பத்தை நான் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்."

குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். குழந்தையின் அழுகை எனக்குக் கேட்கவில்லை.

அந்த நிலையில் மலைக்குப் போக எனக்கு மனமில்லை. ஆனால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் காலையிலேயே கதவைத் தட்டினார். ஆவடித் தொழிற்சாலையில் பணியாற்றும் நெல்லைக்காரர் அவர். மறுப்பு என்ற ஒன்று உலகில் இருப்பதாகவே அவர் கேள்விப்பட்டதில்லை.

"சார், இன்னும் வேட்டியிலயா நிக்கியோ? பஸ் வந்தாச்சு."

"இந்த ஆண்டு நான் வரலைன்னு சொல்லியிருந்தேனே."

"நீங்க சொன்னியோ, நான் கேக்கலையே. சட்டையை மாட்டுங்க. இங்க இருந்து ஃபேனையா பாத்துக்கிட்டு இருப்பியோ? ஸ்வெட்டரை மறந்துராதிங்க."

ஸ்வெட்டரைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தங்க இடம் கிடைக்காதவர்கள் போகிற மலை ஏலகிரி. கோடையில் அங்கே குளிராது. திருநின்றவூரைவிடச் சற்று வேகாமல் இருக்கும், அவ்வளவே. இதை ஒவ்வோர் ஆண்டும் நேரில் உணர்ந்து திரும்புகிறார்கள். ஆயினும் மறு ஆண்டு புறப்படும்போது, மலை என்ற சொல்லுக்கு மதிப்பளித்து ஒவ்வொரு வீட்டாரும் அலமாரியின் அடியிலிருந்து கம்பளி ஆடைகளை எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்குக் காதுமூடும் குல்லாய் வேறு. நானும் எடுத்துக்கொண்டேன். அத்தோடு, ஏனென்று தெரியாமல், ஆணியில் தொங்கிய மனைவியின் துணிப்பையையும் எடுத்துத் தோளில் மாட்டினேன்.

பூந்தமல்லியில் சிலரை ஏற்றிக்கொண்டு பேருந்து நெடுஞ்சாலையைப் பிடித்தது. இருவர் அமரும் இருக்கைகள். என் பக்கத்தில் அனைவருக்குமான தண்ணீர்க் குப்பிகளை அடுக்கிவைத்தார்கள். வாணியம்பாடிக்குப் பிறகு மலைப்பாதை தொடங்கியது. அதன் வளைவுகளுக்குப் பழந்தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் இட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பல்லாண்டுகள் நான் வகுப்பில் கொண்டாடிய ஒரு பெரும்புலவரின் பலகைக்கு நேர் எதிரே, செயலாளரின் இளைய மகள் காலையில் உண்ட பொங்கலை வெளியே எடுத்தாள். பேருந்து அங்கே நின்றது. ஓட்டுநர் இறங்கி, தண்ணீர் ஊற்றிவிட்டு, பலகையைப் பார்த்துக் கும்பிட்டார். "பெரியவரே, தப்பா எட்த்துக்காத. கொழந்த" என்றார்.

விடுதியில் மதிய உணவு முடிந்ததும் விளையாட்டுகள் தொடங்கின. எவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தோளில் பை தொங்கியது. அதுவே போதுமானதாக இருந்தது. மாமரத்தடிச் சிமெண்டு இருக்கையில் நான் அமர்ந்த மறுகணமே முதல் மூக்குக்கண்ணாடி வந்தது. தொடர்ந்து கைபேசிகள், சாவிகள், ஒருவருடைய செவிப்புலன் கருவி. பிறகு, கயிற்றுப் பாலத்தில் ஏறி இறங்கியவர்களுக்கு வியர்த்ததால், ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்வெட்டர்கள். மனைவியின் கைக்குட்டைகள் பையின் அடியில் மடித்தபடியே இருந்தன. எந்த நிறம் எந்த வீட்டுக்கு என்று அவள் எனக்குச் சொன்னதில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டேன். செருப்புகளை மட்டும் இருக்கையின் முன் இணை இணையாக அடுக்கினேன்.

பேருந்தை நிழலில் விட்டுவிட்டு அவ்வழியே வந்த ஓட்டுநர் என்னைக் கண்டு நின்றார். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; பருத்த உடம்பு; கழுத்தில் ஈரத்துண்டு.

"இன்னா சார், கட போட்டுகினு குந்தினுகீற? அந்தப் பச்ச செருப்பு இன்னா வெல?"

"விலை பேசி வாங்கினால் செயலாளர் வெறுங்காலோடு ஊர் திரும்ப வேண்டியிருக்கும்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இருக்கையின் மறுகோடியில் அமர்ந்தார். "ஊட்ல அம்மா வர்லியா? போன வருசம் இதே எடத்துல அவங்கதான் குந்தினு இருந்தாங்கோ. எனக்கு மோர் குட்த்தாங்க."

"மகள் வீட்டுக்குப் போயிருக்காங்க. அமெரிக்கா."

"எப்ப வராங்கோ?"

"தெரியலை."

"தெரிலன்னா இன்னா அர்த்தம்? நீ கேக்கவேல்லியா?"

நான் செருப்புகளைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம்பொஞ்சாதி அவங்காத்தா ஊட்டுக்குப் போனான்னு வெச்சுக்க, காலீல ஒரு தபா, சாய்ந்தரம் ஒரு தபா போன் போட்டு 'எப்பமே வர்ற, எப்பமே வர்ற'ன்னு உசுர எட்ப்பேன் சார்."

"உடனே வந்துடுவாங்களா?"

"எங்க வர்றா? இன்னும் ரெண்டு நாள் சேத்து இருந்துட்டு வருவா. அது வேற."

அவர் எழுந்து தேநீர் தேடிப் போனார். என் எதிரே கம்பியில் ஒவ்வொருவராகச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே நிற்பவர்களின் கூச்சலும் கீழே வந்து சேர்ந்தவர்களின் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. எதிர்வீட்டுப் பெண் கண்களை இறுக மூடிக்கொண்டு வந்தாள்; தரையில் கால் பட்டபின்னும் திறக்கவில்லை. அவள் கணவன் ஓடிப் போய்த் தோளைப் பற்றி, "முடிஞ்சது, முடிஞ்சது, கண்ணைத் திற" என்றான். அவள் திறந்து அவன் மார்பில் ஒரு குத்து விட்டாள்.

மலையும் மலை சார்ந்த இடமும் கூடலுக்கு உரியவை என்பது பழைய இலக்கணம். பிரிந்து போனவரை எதிர்நோக்கி ஆற்றியிருத்தலைக் காட்டுக்குக் கொடுத்தார்கள். ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் இன்னொரு நிலத்தில் வந்து கலப்பதும் உண்டென்று அவர்களே இடம் வைத்திருக்கிறார்கள். அதை மாணவர்களுக்கு நான் மிக எளிதாக விளக்கிவந்திருக்கிறேன். மடியில் ஏழெட்டு ஸ்வெட்டர்களோடு அது அவ்வளவு எளிதாக இல்லை.

என் மனத்தில் திங்கட்கிழமை இருந்தது. அதற்குள் அவளிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதை அமைத்துப் பார்த்தேன். 'நீ இல்லாமல் இருப்பது கடினமாக இருக்கிறது' என்பது மேடைப் பேச்சைப் போல் இருந்தது. 'எப்போது வருகிறாய்' என்பதில் அதட்டல் தொனித்தது. 'முடிந்தால் வா' என்றால் வராமலிருக்க வழி காட்டுவதாகும். 'குழந்தையை விட்டு வா' என்று எந்தத் தகப்பன் சொல்வான்? பிறர் எழுதிய வாக்கியங்களைத் திருத்தியே கழிந்த வாழ்க்கை. ஒன்று கூடக் கைக்கு வரவில்லை. மகளுடைய முகமும் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. பேசும்போது படத்தின் ஓரத்தில் கலைந்த தலையோடு குழந்தையைத் தோளில் தட்டியபடி நடந்துகொண்டிருப்பாள்.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் ஏரிக்குப் போனோம். மிதிபடகுகள் கரையில் வரிசையாக நின்றன: அன்னத்தின் கழுத்து வைத்தவை, வாத்தின் அலகு வைத்தவை. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் பக்கமாக இரண்டு இருக்கை, இரண்டு இணை மிதிகட்டை. குழந்தைகள் பின்னால் அமர்ந்துகொள்ளலாம். கைபேசியோடு ஏறிய ஒருவர் முந்தைய ஆண்டு அதை ஏரிக்கே கொடுத்துவிட்டு வந்ததால், இம்முறை எல்லோரும் ஒழுங்காக என்னிடம் வந்தார்கள்.

செயலாளர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சார், இதுலயாவது ஏறுங்க. ஒரு சுத்து" என்றார்.

படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவர் தலையாட்டினார். "ஒத்த ஆள ஏத்த மாட்டோம் சார். ஒரு பக்கமா சாஞ்சுக்கும். ஜோடி ஆள் இருந்தா சொல்லுங்க."

எதிர்வீட்டுப் பெண் படகில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். "அங்கிள், நான் உங்ககூட வரட்டுங்களா? இவரு பையனைக் கூட்டிட்டு ஒரு சுத்து போகட்டும்."

"இத்தனை பொருளை யார் பார்க்கிறது?" என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் கைபேசியைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

படகுகள் மெல்ல விலகின. சிரிப்பும் நீரை அடிக்கும் ஓசையும் தொலைவில் போய்க்கொண்டே இருந்தன. கரையோரக் கல்மேடையில், மடியில் பையோடும் காலடியில் செருப்புகளோடும் நான் இருந்தேன். பலாச்சுளை விற்கிற அம்மாள் அருகில் வந்து பையைப் பார்த்துவிட்டு, விற்கிறவனிடம் விற்பதெப்படி என்று எண்ணியவளைப் போல விலகிப் போனாள்.

பையில் ஒரு கைபேசி ஒலித்தது. தேடி எடுத்தேன், எதிர்வீட்டுப் பெண்ணுடையது. திரையில் 'எதிர்வீட்டு ஆன்ட்டி' என்ற எழுத்துகள். அவற்றுக்கு மேலே என் மனைவியின் படம்.

அந்தப் படத்தை நான் அதுவரை கண்டதில்லை. கருநீலக் கம்பளி மேலாடை, தலையில் மகளுடையதாக இருக்க வேண்டிய ஒரு குல்லாய், காலடியில் பனி. எவரோ ஏதோ சொல்லி, அதற்கு வாய்விட்டுச் சிரித்தபோது எடுத்த படம். என் கைபேசியில் அவள் அழைத்தால் கடவுச்சீட்டுக்காக எடுத்த படம்தான் வரும்.

மலையில் அலைவரிசை சரியில்லாமல் என்னை அழைத்துக் கிடைக்காமல் போயிருக்கும், அதனால் அந்தப் பெண்ணை அழைக்கிறாள் என்றே நினைத்தேன். எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாய் திறக்குமுன் அவள் தொடங்கிவிட்டாள்.

"ஏம்மா, மலை ஏறியாச்சா? வந்தாரா? செயலாளரை விட்டு இழுத்துக்கிட்டு வரச் சொல்லுன்னேனே, செஞ்சியா? மத்தியானம் சாப்ட்டாரா? அந்த வெங்காயக் குழம்பு கொடுத்தேன்னியே, முழுசாச் சாப்ட்டாரா, இல்ல பாதியைக் கொட்டிட்டாரா? இங்க பாரு, இவ டிக்கெட்டை மாத்தும்மா மாத்தும்மான்னு நிக்கிறா. திங்கக்கெழமைக்குள்ள சொல்லணும். நானும் அவரை வாயத் தொறந்து கேட்டுட்டேன். 'நல்லாத்தான் இருக்கேன்'கிறாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. நல்லாத்தான் இருக்காருன்னா நான் எதுக்கு அங்க ஓடி வரணும், சொல்லு? பொண்ணு பாவம், அவளுக்காவது நான் வேணும். அங்க நான் வேணுமா வேண்டாமான்னே தெரியாம எப்படிம்மா கெளம்பறது? நீ தினம் பாக்கிறியே. நெசமா எப்படி இருக்காரு?"

மூச்சு விடுவதற்காக நிறுத்தினாள்.

"நான்தான் பேசறேன்" என்றேன்.

ஏரியின் நடுவில் ஒரு படகு திரும்ப முடியாமல் நின்ற இடத்திலேயே சுழன்றது. அதிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வது கேட்டது.

"அவ போனு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றாள், மிகவும் தணிந்த குரலில்.

"எல்லாரும் என்கிட்ட கொடுத்துட்டு ஏரிக்குள்ள போயிட்டாங்க."

"என் பையா?"

"உன் பைதான். எந்தக் கைக்குட்டை யாருக்குன்னு தெரியலை. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வச்சிருக்கேன்."

"அட ராமா. கண்ணாடி கீறிக்குமே." பிறகு, "நீங்க போகலையா படகுல?" என்றாள்.

"ரெண்டு பேர் உக்கார்ற படகு. தனி ஆளை ஏத்த மாட்டாங்களாம்."

நான் அமைத்துப் பார்த்த வாக்கியங்களில் இது இல்லை. படகுத்துறைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் என் வசத்தில் இல்லை. அதை அவள் கேட்டிருக்க வேண்டும். இந்த முறை, பின்னால் குழந்தையின் மழலை எனக்கு நன்றாகக் கேட்டது.

"எனக்கு முட்டி வலிக்குமே, மிதிக்க முடியாதே" என்றாள்.

"நான் மிதிக்கிறேன். நீ உக்காந்தா போதும்."

"அப்போ அந்தப் பையை யாரு பாத்துக்குவா?"

"டிரைவர் இருக்காரு. அவருக்கு நீ மோர் கொடுத்தியாமே."

அவள் சிரித்தாள். அந்தப் படத்திலிருந்த சிரிப்பு. பிறகு, "வச்சிடறேன். அந்தக் கண்ணாடிய எல்லாம் தனித்தனியா சுத்தி வையுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கைக்குட்டைகளை எடுத்தேன். நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல், மூக்குக்கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி முடிந்தேன். படகுகள் திரும்பின. எதிர்வீட்டுப் பெண் தன் கைபேசியை வாங்கித் திரையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி பேசினாங்களா அங்கிள்?"

"பேசினாள்."

"நீங்க பேசுனீங்களா?"

"கொஞ்சம்."

ஈரமான பாதங்களைச் செருப்பில் நுழைத்தபடி, குனிந்த தலை நிமிராமல், "வெங்காயக் குழம்பு நல்லாயில்லன்னா நேராச் சொல்லியிருக்கலாமுங்க" என்றாள்.

அன்றிரவு வழக்கமான நேரத்தில் என் கைபேசி ஒலிக்கவில்லை. மலையில் அலைவரிசை வந்து வந்து போகும். அதைக் காரணமாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலும் கம்பியில் ஒரு முறை சறுக்கிவிட்டு, என்னிடம் கொடுத்த பொருள்களைத் திரும்ப வாங்காமலே, விடுதி வாசலில் பேருந்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது மகள் அழைத்தாள். அங்கே இரவு. படத்தோடு பேசும் வழக்கமுடையவள், அன்று குரலை மட்டுமே அனுப்பினாள். இரைச்சலை விட்டு விலகி, நீச்சல்குளத்தின் ஓரத்துக்குப் போனேன்.

"அப்பா, அம்மா தூங்கிட்டாங்க. பாப்பாவும் தூங்கிட்டா. டிக்கெட்டை மாத்த வேண்டாம்னுட்டாங்க. அதே தேதிக்குத்தான் வராங்க."

என் நெஞ்சில் எழுந்ததை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். அதை அவள் கேட்டுவிடாதபடி சற்றுப் பொறுத்துப் பேசினேன்.

"காப்பகத்துல இடம் கிடைக்கலைன்னு அம்மா சொன்னாளே."

"வேற ஒண்ணு பாத்திருக்கோம். கொஞ்சம் தூரம். பாத்துக்கலாம்ப்பா."

"மாப்பிள்ளை?"

"அவருக்கு அடுத்த மாசம் முழுக்க வெளியூர். அதெல்லாம் சமாளிச்சுக்கலாம். நீங்க கவலைப்படாதீங்க. அம்மா கெளம்பறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன வாங்கி அனுப்பணும்னு சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். அவளுடைய வீட்டைத் தெரிந்த அளவுக்குக் கற்பனை செய்தேன். கூடத்தில் ஒரு விளக்கு மட்டும் எரியும். தூங்குகிறவர்களை எழுப்பாமலிருக்க அடுப்படியில் நின்று பேசுகிறாள். இன்னும் சில வாரங்களில், மாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, குழந்தையை ஒரு தோளிலும் பையை இன்னொரு தோளிலும் சுமந்து, தன் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போவாள்.

"நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்றாள்.

நான் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னாள். அதே விரைவு, கடைசியில் குரலைச் சற்றே உயர்த்தி முடிக்கிற அதே ஒழுங்கு. அதற்கு மேல் என்ன கேட்பதென்று என் மனைவிக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பது எனக்கு அந்தக் குளக்கரையில் விளங்கியது. நானும் ஒன்றும் கேட்கவில்லை. "போய்த் தூங்கும்மா" என்றேன்.

பேருந்தின் ஒலிப்பான் நீளமாக அலறியது. "இன்னா சார், பொருளெல்லாம் எட்த்துகினு இங்கியே செட்டிலாய்ட்டியா?" என்று ஓட்டுநர் கத்தினார். சன்னல்கள்தோறும் தலைகள் நீண்டன. உண்மையிலேயே அவர்களுடைய பொருள்கள் பாதி என் பையில்தான் இருந்தன. ஏறியதும் ஒவ்வொருவரும் கைக்குட்டை முடிச்சுகளை அவிழ்த்து, தங்களுடைய கண்ணாடியைத் தேடி, அடுத்தவருடையதை மாட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே கைமாற்றிக்கொண்டார்கள். ஸ்வெட்டர்களுக்கு மட்டும் உரியவர்கள் எளிதில் முன்வரவில்லை.

என் பக்கத்து இருக்கையில் இப்போது தண்ணீர்க் குப்பிகள் இல்லை. ஒருவழியாகக் காலியான பையை மடித்து அங்கே வைத்தேன். வண்டி முதல் வளைவில் திரும்பியபோது மகளை மீண்டும் அழைக்க எண்ணிக் கைபேசியை எடுத்தேன். அங்கே இரவு என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவள் இன்னும் தூங்கியிருக்க மாட்டாள் என்று தோன்றியது. அழைத்தேன். மலைச்சரிவில் அலைவரிசை இல்லை. அடுத்த வளைவிலும் இல்லை. புலவர்களும் வள்ளல்களும் பலகை பலகையாகப் பின்னே போய்க்கொண்டிருந்தார்கள். கீழே சமவெளியின் வெயில் தெரிந்தது. நான் கைபேசியைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அழைத்துப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.